மேலே விட்ட கம்பிகள்

சொட்டு அவருடைய இடது கன்னத்தில் விழுந்து, மெதுவாகக் காதுப்பக்கம் இறங்கி, தலையணை உறைக்குள் போய்க்கொண்டிருந்தது, அவர் கண்ணைத் திறந்தபடி வலப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார், கஞ்சி டம்ளரோடு வந்த ரூபாவதி வாசலிலேயே நின்றுவிட்டாள், அழுகிறாரோ என்றுதான் முதலில் நினைத்தாள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை, தன் அம்மையை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றுகூட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு புதுச்சுவருக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர், இப்போது அழுகிறார் என்றால், என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் அடுத்த சொட்டு அதே இடத்தில் விழுந்தது, அவருக்கு அது தெரியவில்லை, பக்கவாதம் வந்ததிலிருந்து உடம்பின் இடது பாதி அவருக்குச் சொந்தமில்லாத பாதி, ரூபாவதி மேலே பார்த்தாள், கட்டிலுக்கு நேர் மேலே, உத்தரம் சுவரோடு சேரும் மூலையில், வெள்ளையடித்த இடம் ஊதிப் புடைத்து, ஓரத்தில் பழுப்பு ஏறி, நடுவில் அடுத்த சொட்டு உருண்டுகொண்டிருந்தது, வெளியே ஐப்பசி மழை விடிந்ததிலிருந்து நிற்காமல் பெய்கிறது.

ஒழுகுதுங்க, என்றாள், என்னது, என்றார் அவர், தளந்தான், என்றாள், ஒழுகாது, என்றார், நாக்கு பாதிதான் புரளும், சொற்கள் குழைந்துதான் வரும், ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் பழைய ஓவர்சியர் ஞானதாஸின் சொல்லாகவே வந்தது, முகத்தில் விழுது பாருங்க, என்று முந்தானையால் அவர் கன்னத்தைத் துடைத்து ஈரத்தை வலது கையில் தொட்டுக் காட்டினாள், விரல்களை உரசிப் பார்த்துக்கொண்டே அவர் இன்னொரு தரம், என் தளம் ஒழுகாது, என்றார், அவர் அப்படிச் சொல்வதற்கு நியாயம் இருந்தது, பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஊரிலுள்ள கட்டடங்களுக்கெல்லாம் குறை கண்டுபிடித்தவர், பாளையங்கோட்டையில் இந்த மனையை வாங்கிச் சொந்த வீடு கட்டியபோது வேறு ஒருவர் குறை சொல்ல இடம் வைக்கவில்லை, மணலைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்து உதறிப் பார்ப்பார், உள்ளங்கையில் அழுக்கு ஒட்டியிருந்தால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான், ஜல்லியைக் கழுவ வைத்தார், தளம் போடுகிற அன்று ஜெபம் பண்ண வந்த போதகரிடம், ஐயா, கலவ இறுகிரும், கொஞ்சம் சுருக்கமா ஜெபிங்க, என்று சொன்னவர், போதகர் சிரித்துக்கொண்டே ஆமென் சொல்லி முடிப்பதற்குள் முதல் சட்டி மேலே ஏறிவிட்டது, அந்த வீட்டில் ரூபாவதி கேட்டது ஒன்றுதான், அடுக்களைக்குக் கிழக்கே ஒரு ஜன்னல், கிழக்கே வச்சா காத்து வராது, என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான், இன்றைக்கும் அந்த மூடிய சுவரைப் பார்த்துக்கொண்டுதான் தோசை ஊற்றுகிறாள், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பணிக்காலம் முழுவதும் நின்று, இது காலையில, இது சாப்பாட்டுக்குப் பொறவு, என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் சொல்ல எதுவும் இல்லாதவளாக ஆகிவிடுவாள், அதில் அவளுக்கு வருத்தமா என்று யாராவது கேட்டிருந்தால், பழகிப்போச்சு, என்றிருப்பாள், யாரும் கேட்கவில்லை.

கட்டிலைப் பிடித்து வலப்பக்கமாக இழுத்தாள், சுவரில் இடித்து நின்றது, சொட்டு இப்போது அவர் தோளில் விழுந்தது, தோளுக்குப் பக்கத்தில் மெத்தைமேல் ஒரு அலுமினியக் குண்டானை வைத்தாள், டங், டங், என்று அது அடிக்க ஆரம்பித்ததும் அவர் முகம் சுளித்தது, குண்டானுக்குள் ஒரு துணியைப் போட்டாள், சத்தம் அடங்கியது, கூடத்தில் கிடக்கலாம் என்றால் ஆள் வந்தால் போனால் அவருக்குக் கூச்சம், மிச்சமிருப்பது ஹெப்சியின் அறை ஒன்றுதான், அங்கே ஈரமே இல்லை, காலையில்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள், ஹெப்சி ரூமுல கொண்டு போட்டுறட்டுமா, என்று கேட்டாள், அவர் கண்ணை மூடிக்கொண்டார், அந்தப் பெயர் காதில் விழுந்தால் மூடிக்கொள்கிற கண், ஹெப்சிபா அவர்களுடைய ஒரே பிள்ளை, ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போன இடத்தில் கதிரேசன் என்ற பையனை விரும்பி, கோயிலும் இல்லாமல் சர்ச்சும் இல்லாமல் பதிவு அலுவலகத்தில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, மாலையும் கழுத்துமாக அல்ல, வெறும் சுடிதாரோடு ஒரு நாள் மத்தியானம் வந்து வாசலில் நின்றவள், அன்றைக்கு இவர் கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, மேல வீடு எடுக்குற யோசனைய இனி நிறுத்திக்கிடலாம், என்று ரூபாவதியிடம் சொன்னார், மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஹெப்சி தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள், அவள் போன பிறகு அந்த அறைக்குள் அவர் கால் வைக்கவில்லை.

மாசானம் மழை வெறித்து வெயில் வந்த அன்று வந்தான், ஒரு காலத்தில் ஞானதாஸ் மேற்பார்வையில் கொத்து வேலை பார்த்து, இப்போது நாலு ஆளை வைத்து வேலை எடுத்துச் செய்கிறவன், இன்னும் படுக்கையறை வாசலுக்கு வெளியே செருப்பையும் கையிலிருந்த மட்டப்பலகையையும் வைத்துவிட்டுத்தான் உள்ளே எட்டிப் பார்த்தான், சார், நல்லாருக்கியளா, என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மாடிக்கு ஓடிவிட்டான், பயம், மேலே சுற்றிப் பார்த்துவிட்டு, யக்கா, தட்டோடு ரெண்டு எடத்துல வெடிச்சிருக்கு, அதான், ஒண்ணும் பயப்படாதிய, என்றான், வெடித்த ஓடுகளைக் கொத்தி எடுத்து, புதுசு பதித்து, இடுக்குகளில் ஏதோ ஒரு ரசாயனம் கலந்த சாந்தைப் பூசிவிட்டு, இனி அங்ஙன ஒரு சொட்டு வந்தா எம் பேர மாத்திக்கிடுதேன், என்று சொல்லிவிட்டுப் போனான், கட்டிலில் கிடந்தவர் அதைக் கேட்டு வலது பக்க உதட்டை மட்டும் இழுத்துச் சிரித்தார், அடுத்த மழைக்கு சொட்டு அதே இடத்தில், முன்பைவிடத் தடித்து வந்தது, காரை ஒரு வில்லை பெயர்ந்து குண்டானுக்குள்ளேயே விழுந்தது, இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் அவர் நெற்றியில் விழுந்திருக்கும், ரூபாவதி அன்று முழுக்க அந்த வில்லையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அடிப்பக்கம் செங்காவி நிறத்தில் துரு அப்பியிருந்தது.

எம் பேர மாத்தித்தான் ஆவணும் போலுக்கு, என்று தலையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்த மாசானம் அந்த வில்லையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான், வாங்கக்கா மேல, என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனான், மொட்டைமாடியின் நான்கு மூலைகளிலும் தூண்களின் தலையிலிருந்து கொத்துக் கொத்தாகக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன, பிறகொரு நாள் மேலே இன்னொரு வீடு எழும்பும்போது தூணை அதிலிருந்து தொடர்வதற்காக விட்ட கம்பிகள், இந்த ஊரில் எந்த மாடியில் ஏறிப் பார்த்தாலும் கண்ணுக்கெட்டிய தூரம் இப்படித்தான் கம்பிகள் நிற்கும், பிள்ளைகளுக்கு என்று, படித்துப் போன, பிழைக்கப் போன, வருவார்கள் என்று நினைத்திருக்கிற பிள்ளைகளுக்கு என்று, ரூபாவதி இந்தக் கம்பிகளில்தான் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள், தினமும் தொட்டவள்தான், ஆனாலும் மாசானம் காட்டிய பிறகுதான் பார்த்தாள், படுக்கையறைக்கு மேலே இருக்கிற மூலையில் கம்பியின் அடிப்பகுதி துருப்பிடித்து, ஊதி, சுற்றியிருந்த சிமெண்டைப் பிளந்திருந்தது, பிளவில் விரல் நுழைந்தது, மழத்தண்ணி கம்பியப் புடிச்சிக்கிட்டே தூணுக்குள்ள எறங்கி, உத்தரத்துல போயி, அங்ஙன சாருக்கு மேல சொட்டுது, தட்டோடுல நான் பாத்தது தப்பு, என்றான் மாசானம், இத வெட்டி எடுத்துட்டு, துருவச் சொரண்டி, அடச்சிப் பூசுனாத்தான் நிக்கும், நாலு மூலையும், இல்லன்னா உத்தரமே விட்டுப்போகும்க்கா, பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, சார் வருசா வருசம் கோடையில கம்பி துருப்பிடிக்காம சிமெண்ட் பால் அடிச்சி, சாக்கச் சுத்தி வைப்பாங்களே, நானே பாத்துருக்கேன், எப்ப விட்டாங்க, என்று கேட்டான், ரூபாவதிக்குச் சித்திரை வெயிலில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு பழைய பிரஷும் வாளியுமாக அவர் மாடியேறுவதும், வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்து மோர் கேட்பதும் கண்ணுக்குள் வந்தது, வருகிறார், மோர் கேட்கிறார், உப்பு போதாது என்கிறார், அது கடைசியாக எந்தக் கோடை, முழங்கால் வலி என்று சொல்லி அவர் மாடியேறுவதை நிறுத்தியது, என்று பின்னாலேயே போய்ப் பார்த்தால், அங்கே சுடிதாரோடு ஹெப்சி வாசலில் நிற்கிறாள்.

சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், கம்பிய வெட்டணும்னு சொல்லுதான் மாசானம், என்று அவர் வலது காதுப்பக்கம் உட்கார்ந்து சொன்னாள், எந்தக் கம்பி, என்று அவர் கேட்கவில்லை, வேண்டாம், என்றார், மழ பெஞ்சா ஒங்க தலையில விழும், காரை விழுது, உத்தரமே போயிருமாம், என்றாள், வேண்டாம், என்றார் மறுபடியும், யாருக்குங்க அத நிறுத்தி வச்சிருக்கிய, என்று கேட்டுவிட்டாள், இத்தனை காலத்தில் அவரிடம் அவள் கேட்ட முதல் எதிர்க்கேள்வி அதுதானோ என்னவோ, அவர் வலது கையால் போர்வையின் ஓரத்தைச் சுருட்டினார், விட்டார், சுருட்டினார், பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, அவளுக்குத்தான், என்றார், ரூபாவதி எழுந்து அடுக்களைக்குப் போய் ஜன்னல் இல்லாத சுவருக்கு முன்னால் நின்றாள், இவர் மகளை வெட்டிவிட்டார் என்று ஊரும் நினைத்தது, அவளும் நினைத்தாள், அந்தக் கம்பிகளையும்கூட ஒரு வைராக்கியத்தின் மிச்சமாகத்தான் நினைத்திருந்தாள், அப்படியானால் அவர் துருப்பிடிக்க விட்டதும் நிறுத்தி வைத்ததும் ஒரே மனதுதானா, ஒரே மனது எப்படி இரண்டையும் செய்யும், என்று யோசித்தபடியே, அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் அகப்பையை எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிற வழியில் சர்ச் காம்பவுண்டு வேப்பமரத்தடியில் நின்றுதான் ஹெப்சியோடு போனில் பேசுவாள், வீட்டுக்குள்ளிருந்து பேசுவதில்லை, அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னாள், சொட்டை, காரையை, மாசானத்தை, கம்பியை, ஹெப்சி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எம்மா, யாருக்கும்மா மாடி, நாங்க ரெண்டு பேரும் இங்க கெடந்து வேல பாக்கோம், நான் வந்து மேல குடியிருக்கப் போறனா, வெட்டச் சொல்லு, அப்பா தலையில தண்ணி விழுதுன்னு சொல்லுத, நீ கம்பியப் பாத்துக்கிட்டு நிக்க, என்றாள், அவருதான் வேண்டாங்காரு பிள்ள, ஒனக்குன்னு சொல்லுதாரு, என்றாள் ரூபாவதி, அந்தப் பக்கம் தூரத்தில் குக்கர் விசில் அடிப்பது கேட்டது, பிறகு ஹெப்சி, எனக்குன்னா ஆஸ்பத்திரியில ஏம்மா முகத்தத் திருப்பிக்கிட்டாங்க, என்றாள், குரல் சின்னப்பிள்ளைக் குரலாகிவிட்டது, ரூபாவதிக்கு அந்த நாள் அப்படியே இருக்கிறது, பக்கவாதம் வந்து அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள், செய்தி கேட்டு ஹெப்சி ஓசூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தாள், கட்டிலருகில் வந்து, அப்பா, என்றாள், அவர் தலை மெல்ல மறுபக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்தது, அவ்வளவுதான், ஹெப்சி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, வராந்தா வழியாக நடந்து போய்விட்டாள், ரூபாவதி பின்னால் ஓடவும் முடியாமல், அவரை விட்டு நகரவும் முடியாமல், டிரிப் ஏறுகிற பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குப் பிறகு அவரிடம் ஹெப்சி வந்ததைப் பற்றி அவள் பேசியதில்லை, முகத்தைத் திருப்பியவரிடம் என்ன பேச.

வெட்டு, என்று அவள் மாசானத்திடம் சொன்னாள், சார் சம்மதிச்சிட்டாங்களாக்கா, என்று அவன் கட்டிங் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான், நான் சொல்லுதேம்லா, வெட்டு, என்றாள், சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது, தூசி விழும் என்பதால் அவரை மாற்ற வேண்டியிருந்தது, இந்த முறை அவரிடம் கேட்கவில்லை, மாசானத்தின் ஆட்கள் கட்டிலோடு தூக்கி ஹெப்சியின் அறையில் கொண்டுபோய் வைத்தார்கள், அவர் கண்ணை மூடிக்கொண்டே போனார், ஆனால் வைத்த பிறகு எவ்வளவு நேரம்தான் மூடிக்கொண்டு கிடப்பது, ரூபாவதி மேலே நின்றபோது முதல் கம்பியில் மெஷின் பட்டது, பல்லைக் கூச வைக்கும் ஓசை, பொறி அருவியாகக் கொட்டியது, கொடிக்கயிறு அறுந்து தரையில் கிடந்தது, வெட்டுப்பட்ட கம்பி ஓட்டின்மேல் விழுந்து உருண்டது, இவளும்தான் இத்தனை காலமும் மேலே ஒரு வீட்டைக் கட்டி வைத்திருந்தாள், அந்த வீட்டு அடுக்களைக்குக் கிழக்கே ஜன்னல் உண்டு, பேரப்பிள்ளை ஒன்று படியில் இறங்கி வரும், யாரிடமும் சொன்னதில்லை, அதுவும் ஒவ்வொரு மூலையாக விழுந்துகொண்டிருந்தது, அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தூசிக்காக என்று மற்றவர்கள் நினைக்கும்படி, கடைசிக் கம்பி விழுகிறவரை நின்றாள், கீழே வந்து பார்த்தால் அவர் விழித்திருந்தார், மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது சுவரில் ஒட்டி வைத்த உலக வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், எல்லாம் வெட்டியாச்சா, என்று கேட்டார், ஆச்சு, என்றாள், அவர் தலையை அசைத்தார், கோபம் இல்லை, துருவ நல்லா சொரண்டச் சொல்லு, என்று மட்டும் சொன்னார்.

பூசி, காய்ந்து, எல்லாம் முடிந்த பிறகு மாசானம் மாடியின் மழைநீர்க் குழாய்களைத் துணியால் அடைத்து, மாடி வாசலில் சாந்தால் வரப்பு கட்டி, மோட்டாரைப் போட்டுத் தளம் முழுக்கத் தண்ணீரை நிறுத்தினான், ஒரு நா முழுக்க நிக்கட்டும்க்கா, கீழ ஒழுகலன்னா இனி எந்த மழைக்கும் ஒழுகாது, என்றான், மழை விட்ட வெளிச்சமான பகல், கணுக்கால் அளவு தண்ணீரில் வானம் முழுதாகக் கிடந்தது, ரூபாவதி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதற்குள் இறங்கி நடந்தாள், இது நம்ம குளமாப்பா, என்று ஒரு குரல் கேட்கிறது, தளம் போட்ட புதிதில், சிமெண்ட் இறுகுவதற்காக இதேபோல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தபோது, கவுனைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தப் தப்பென்று மிதித்த ஹெப்சி, ஆமா பிள்ள, ஒங் குளந்தான், என்று சொல்லி, பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு தானும் இறங்கி மிதித்த மனிதர், அலுவலகக் கோப்புகளையெல்லாம் மறந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, அந்த மனிதர் எங்கே போனார், கீழேதான் கிடக்கிறார், ரூபாவதி படியிறங்கினாள்.

என்னய பழைய எடத்துக்குக் கொண்டுபோ, என்று அவர் கேட்டிருந்தார், ஓவர்சியருக்குத் தானே பார்த்தால்தான் திருப்தி, அதனால் கட்டில் மறுபடியும் பழைய மூலைக்கு, தளத்தின்மேல் நிற்கிற அத்தனை தண்ணீருக்கும் நேர் கீழே வந்திருந்தது, புதுப்பூச்சு வெளுப்பாக உலர்ந்து கிடந்தது, அவர் இமைக்காமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார், ரூபாவதி அவருடைய வலப்பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவளும் பார்த்தாள், பிறகு அவர், அவளுக்குன்னு வச்சேன், நான் சாகக் கெடந்தப்பக்கூட வரலையே அவ, என்றார், மேலே பார்த்துக்கொண்டேதான் சொன்னார், ரூபாவதிக்கு முதலில் விளங்கவில்லை, யாரு வரல, என்றாள், ஒம் மகதான், என்றார், வந்தாளே, என்றாள், வந்து அப்பான்னு கூப்புட்டாளே, நீங்கதான முகத்தத் திருப்பிட்டிய, என்றாள், அவர் தலை மெல்ல அவள் பக்கம் திரும்பியது, அந்தக் கண்ணில் இருந்தது பொய் இல்லை, பயம், வந்தாளா, என்றார், எப்ப வந்தா, எந்தப் பக்கம் நின்னா, என்றார், ரூபாவதி அந்தக் கட்டிலை, அந்த வார்டை, பாட்டில் தொங்கிய கம்பத்தை, பையோடு நின்ற மகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் அதனதன் இடத்தில் வைத்துப் பார்த்தாள், இடது பக்கம், இடது பக்கந்தான் நின்றாள், அந்த நாட்களில் இடது பக்கம் தட்டில் வைத்த இட்லிகூட இவருக்குத் தெரியாது, அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் மனதில் ஏறாது, தலையே தானாக வலப்பக்கம் போய்விடும், டாக்டர் சொன்னார், இவளுக்கும் தெரியும், ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்தவளுக்குத் தெரியாதா, தெரிந்தும் அந்த ஒரு தடவை மட்டும் அது நோய் என்று தோன்றவில்லை, கோபம் என்றே எடுத்துக்கொண்டாள், எடுத்துக்கொள்கிற மாதிரிதான் இந்த மனிதரோடு இத்தனை காலம் வாழ்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இல்லை, வேப்பமரமும் இல்லை, அவள் அங்கேயே உட்கார்ந்து போனைப் போட்டாள், ஸ்பீக்கரை அமுக்கி அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில் தலையணைமேல் வைத்தாள், மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, என்னம்மா, இந்நேரம் கூப்புடுத, என்ற ஹெப்சியின் குரல் அறைக்குள் வந்தபோது அவர் உடம்பு ஒரு தரம் குலுங்கியது, எம்மா, தண்ணி கட்டுனாங்களா, ஒழுகுதா, என்று கேட்டாள் ஹெப்சி, ரூபாவதி பதில் சொல்ல வாயெடுத்தாள், அதற்கு முன்னால், கோணிய உதட்டை வலுக்கட்டாயமாகச் சேர்த்து, ஒவ்வொரு எழுத்தையும் எங்கிருந்தோ சுமந்துகொண்டு வருகிறவர்போல, ஒழுகல பிள்ள, என்றார் ஞானதாஸ், மேல எம்புட்டுத் தண்ணி நிக்கி, ஒரு சொட்டு இல்ல, என்றார், நீ வந்து பாரு, கீழ ஒன் ரூமு சும்மாத்தான் கெடக்கு, என்றார், அப்பா, என்று அங்கே குரல் உடைந்தது, அவருடைய கடைவாயில் எச்சில் வழிந்தது, துடைக்கப் போன ரூபாவதியின் கையை அவர் விலக்கிவிட்டார், இன்னும் பேச வேண்டியிருந்தது அவருக்கு.